கதவுப் பக்கச் சக்கரம்

சொல்லிவிட வேண்டும், காப்பி ஆறுவதற்குள், இல்லை, காப்பி எப்போதோ ஆறிவிட்டது, சரி, டயர் நாலுக்கும் காற்றுப் பார்த்து முடித்ததும் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு நான் ஓட்டறேன், அவ்வளவுதானே, மூன்று சொல், இதற்குப் போய் ஒரு மாதமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாயே மார்லிஸ், உனக்கு வெட்கமாக இல்லையா... படுக்கையும் அடுப்புமாக இழுத்துப்போகிற டிரெய்லர் வீட்டின் நெற்றியில் போன வசந்தத்தில் மோதிச் செத்த பூச்சிகள் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன, நெவாடா பூச்சிகள், கழுவு கழுவு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், அவள் அவற்றையே பார்த்தபடி கொக்கிக்குப் பக்கத்தில் நின்றாள், முதுகுக்குப் பின்னால் அதை இழுக்கும் பிக்கப் வண்டி, கோப்பையை பாட்டரிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, கையில் மகள் கெண்ட்ரா வாங்கி அனுப்பிய அந்தச் சின்னத் திரை. டயரின் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, திரையோடு வந்த சென்சாரை மாட்டினால் டயரில் எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று ஓடும்போதே திரை சொல்லிவிடுமாம். சென்சாரை அனுப்பிய கையோடு போனிலும் அனுப்பினாள் ஒன்று, அப்பா ஓட்டக் கூடாதும்மா, நீ சொல்றியா, இல்லே மத்தியானம் போன் பண்ணி நானே சொல்லட்டுமா என்று. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இல்லை, இருக்கிறதா, வெயில் வேலிக்கு மேலே வந்துவிட்டது.

வெயில் டயரில் படுவதற்குள் முடித்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க ஓடாமல் ஆறிக் கிடந்த டயரின் காற்றுத்தான் உண்மையான காற்று, வெயில் பட்டதும் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது புருஷன் வெர்லினின் வேதம். அவன் பழைய கம்பளத் துண்டைப் போட்டு முழங்காலிட்டிருந்தான், இங்கிருந்து தொப்பி கூடத் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. காற்றில், பீட்ரூட்டை அவித்துச் சர்க்கரை எடுக்கும் ஆலையின் வாடை, இந்த வாடை வந்துவிட்டால் பின்னாலேயே பனி வரும், பனிக்கு முன் அரிசோனாவுக்குப் போய்விட வேண்டும், இருவருக்கும் ஐடஹோ குளிர் இப்போதெல்லாம் எலும்புக்குள் இறங்குகிறது. போக வேண்டும், ஆனால் யார் ஓட்டுவது, அந்த மலை இறக்கத்தை யார் ஓட்டுவது... பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனிடம், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பனியிலும் சகதியிலும் ஒரு கீறல் இல்லாமல் வீட்டில் இறக்கிவிட்டவனிடம், சாவியைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது. ஆனால் நெவாடாவில் பின்டயர் வெடித்தபோது அவனுக்குத் தெரியவில்லையே, ரப்பர் கிழிந்து சக்கரக் கவசத்தையும் பிய்த்துக்கொண்டு போனபோதும் பாட்டுக்குத் தாளம் போட்டபடி ஓட்டிக்கொண்டே இருந்தானே, ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து ஹாரனடித்துக் கையைக் காலை ஆட்டிய பிறகல்லவா நிறுத்தினான், சரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும்தான் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஜூலையில் நம் தெருவைத் தாண்டிப் போனது, இத்தனை வருஷம் திரும்பிய திருப்பத்தைத் தாண்டிப் போய், வெங்காயக் கிடங்கு வரைக்கும் போய், புது வழி கண்டுபிடிச்சேன் அம்மணி என்று சிரித்தானே, அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

"கதவுப் பக்கம், முன் சக்கரம்! தயாரா?" என்று அவன் கூவினான். "தயார்" என்றாள். திரையில் மேலிருந்து பார்த்தது போல டிரெய்லர் படம், நாலு சக்கரம், எந்தச் சக்கரமோ அதைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் மினுக்கும், அவன் அங்கே சென்சாரைத் திருகியதும் அது இந்தச் சக்கரத்தின் பெயரில் பதிந்துகொள்ளும், அவள் அழுத்தினாள், மினுக்கியது, பீப் என்றது, எண் வந்தது. இடம் வலம் என்ற பேச்சே இவர்களுக்குள் கிடையாது, கல்யாணமான புதிதில் ஒரு முகாமில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது இவள் இடது என்று கத்த, யாருடைய இடது என்று அவன் கத்த, பைன் மரத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டு அன்று ராத்திரி ஆளுக்கொரு மூலையில் படுத்தார்கள், மறுநாளே இடத்தையும் வலத்தையும் வீட்டை விட்டுத் துரத்தியாயிற்று, கதவு இருக்கும் பக்கம் கதவுப் பக்கம், அடுப்பு இருக்கும் பக்கம் அடுப்புப் பக்கம், அதற்குப் பிறகு மரத்தின் மேல் இடித்ததில்லை. "அடுப்புப் பக்கம், பின்னாடி!" அழுத்தினாள், பீப். தப்பே பண்ணவில்லை, தெளிவாகத்தான் சொல்கிறான், அப்படியானால்... அவள் காலையிலேயே மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தாள், நாலு சென்சாரையும் பிசகில்லாமல் மாட்டிவிட்டானென்றால் அவனே ஓட்டட்டும், கெண்ட்ராவிடம் சண்டை போட்டாவது ஓட்டட்டும், பிசகினானென்றால் சொல்லிவிடுவது. சூதாட்டம் மாதிரி இல்லையா இது, புருஷனை வைத்து... நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் போன எதிர்த்த வீட்டு ரஸ்டி நின்று, "என்ன வெர்லின், சக்கரத்துக்கு ஜுரம் பாக்கறியா?" என்றான், "ஆமா, உன் வாய்க்கும் ஒண்ணு மிச்சம் இருக்கு, வா மாட்டிவிடறேன்" என்று அவன் தரையிலிருந்தே திருப்பிக் கொடுத்தான், ரஸ்டி சிரித்துக்கொண்டே போனான். பார், இந்தப் பேச்சு பேசுகிறவனுக்கு மூளையில் என்ன குறை, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது பீப் வந்தது, பிசகில்லை.

இனி ஒன்று பாக்கி, திரையை ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுபோய் அவ்வளவு தூரத்துக்கும் செய்தி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், அவன் ஒரு சென்சாரைக் கழற்றுவான், அபாய மணி அடிக்க வேண்டும். அவள் பிக்கப்பில் ஏறி ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தாள், இருக்கை அவன் உடம்புக்குப் பள்ளம் விழுந்திருந்தது, இரண்டு மாதம் முன்பு கெண்ட்ராவோடு ஆளில்லாத சந்தை மைதானத்தில் திருட்டுத்தனமாக இதே டிரெய்லரை இழுத்துப் பழகியபோதும் இந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்தாள், நேராக ஓட்ட வந்துவிட்டது, பின்னால் எடுக்கத்தான் இன்னும் வரவில்லை, கெண்ட்ராவுக்கு டிரெய்லர் ஒரு நாள் இரவல் வேண்டுமென்று சொல்லிவிட்டுக் கொண்டுபோனோமே... "கழட்டறேன்! கதவுப் பக்கம், பின் சக்கரம்!" வலது கண்ணாடியில் டிரெய்லரின் கதவு தெரிந்தது, அதற்குப் பின்னால் குனிந்த அவன் முதுகு தெரிந்தது, மணி அலறியது, திரையில் சிவப்பாக மினுக்கியது இடது பின் சக்கரம். இடது. அடுப்புப் பக்கம். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நெஞ்சு திக்கென்றது, மாற்றி மாட்டிவிட்டான், நாலையும் மாற்றி, இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் என்று கூவியிருக்கிறான், அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிச்சயமாக, ஐயோ வெர்லின்... அந்தத் திக்குக்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்தது, அப்பாடா என்று ஒன்று, இனி யோசிக்க வேண்டாம், பந்தயம் தீர்ந்தது, அந்த அப்பாடாவை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிக்கப்பின் கதவருகே வந்து நின்றான், கையைத் துணியில் துடைத்தபடி, "வந்துச்சா?" என்றான், அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தலையைத் திருப்பிக் கொக்கிப் பக்கம் பார்த்தான், அங்கே என்ன இருக்கிறது, அவளுடைய காப்பிக் கோப்பைதான் பாட்டரிப் பெட்டியின் மேல் இருக்கிறது, மறுபடி திரையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி மாட்டினான். "நான்தான் மாத்திட்டேன் போலிருக்கு" என்றான். அவ்வளவு லேசாக. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவன் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, பேருந்து நாளிலிருந்து கோத்திருக்கும் அந்தப் பித்தளை மணியோடு, அவள் மடியில் வைத்தான், "நாளைக்கு நீ ஓட்டு அம்மணி, நான் பக்கத்துல உக்காந்து உன்னை நச்சரிக்கிறேன், இத்தனை வருஷம் நீ பண்ணினியே அந்த வேலையை." சிரித்தான், ஜூலையில் சிரித்த சிரிப்பா இது, வேறா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "வா, எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போடலாம், வெயில் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்று சொல்லை அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ஒரு மாதப் பாடம் வீண், கெண்ட்ராவிடம் சொல்லிவிடலாம், அப்பாவே கொடுத்துட்டார்டி, சண்டையில்லை சத்தமில்லை, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள், மணி உள்ளே ஒருமுறை கிணுங்கியது.

பழைய இடத்திலேயே போய் நின்றாள், கோப்பைக்குப் பக்கத்தில், நெவாடா பூச்சிகளைப் பார்த்தபடி, பழையதை அழித்தாள், கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, துடைத்துக்கொண்டாள். "கதவுப் பக்கம், முன் சக்கரம்!" என்று அவன் கூவினான், அவள் விரல் திரையின் இடது மேல் சக்கரத்துக்குப் போனது, யோசிக்காமல், தானாக, ஏனென்றால் கதவு அவளுடைய இடது கைப் பக்கம்தானே இருக்கிறது, இதோ தலையைத் திருப்பினால் படி தெரிகிறதே... விரல் நின்றது. இடது கைப் பக்கம். டிரெய்லரைப் பார்த்து நிற்கிறவளுக்கு. வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தால் அது வலது, திரையில் வரைந்திருப்பதும் போகிற திசைக்குத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் மாற்றவில்லை, எதையும் மாற்றவில்லை, நாலு சக்கரத்துக்கும் அவன் போட்ட பெயர் நாலும் சரி. நான்தான், இங்கே நின்று, நானேதான்... "என்ன, அழுத்தினியா?" "இதோ" என்றாள், விரலை வலது பக்கம் நகர்த்தி அழுத்தினாள், பீப் என்றது, எண் வந்தது. ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும், தப்பு என்னுடையது, இந்தா உன் சாவி என்று, அது எத்தனை சொல். ஆனால் கோப்பையைப் பார்த்தானே. ஏன் பார்த்தான், நான் எந்தப் பக்கம் பார்த்து நின்றேன் என்று பார்த்தானா, பார்த்துப் புரிந்துகொண்டுதான் கொடுத்தானா, அவனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்ததா, இத்தனை நாள் அவனும் கண்ணாடி முன் நின்றானா... இல்லை, இப்போதெல்லாம் எங்கே தப்பு நடந்தாலும் தன்னுடையதுதான் என்று பேசாமல் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டானா, பழக்கியது யார். கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் சாவி போய்விடும், அல்லது போகாது. "இப்ப சரியா வருதா அம்மணி?" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சரியா வருது" என்றாள். வெயில் கதவுப் பக்க டயரில் இறங்கத் தொடங்கியிருந்தது, எண் ஒன்று கூடியது, கோட்டுப் பைக்குள் அவளுடைய இன்னொரு கை அந்த மணியைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.