ஓடைக்குள் ஒரு சிமிண்டுத் தரை

கரிசல் மண்ணுக்கு மழையைக் கண்டால் ஒரு வெறி. பத்து மாதம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நாலு நாள் மழை பெய்துவிட்டால் வீங்கிக் குழைந்து, அகப்பட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். வண்டியைப் பிடிக்கும், பஸ்ஸைப் பிடிக்கும், நடக்கிறவன் காலைப் பிடிக்கும். காலையாவது திருப்பித் தரும், செருப்பைத் தராது. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் மழை இறங்கியபோது வேம்படிக்கரை இப்படித்தான் அகப்பட்டுக்கொண்டது. ஓட்டப்பிடாரம் தாலுகாவில் கரிசல் போய்க் கடலோடு முடிகிற இடத்தில் நாற்பது வீடு. மேற்கே கண்மாய், கிழக்கே கடல், மற்ற இரண்டு பக்கமும் சேறு. ஓடிப்போக நினைத்தாலும் ஓடுவதற்கு இடம் கிடையாது.

ஊருக்குள்ளேயே அதிகமாக அகப்பட்டுக்கொண்டவள் சீனித்தாய். அவள் வீடு ஓடைக்குள் இருந்தது.

ஓடைக்குள் யாராவது வீடு கட்டுவார்களா என்று கேட்கலாம். கரிசலுக்கு அப்பால் இருக்கிறவர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாத ஓடையை இந்தப் பக்கத்தில் யாரும் ஓடை என்று சொல்வதில்லை. முதலில் ஆடு கட்டுவார்கள், அப்புறம் மல்லி விதைப்பார்கள், அப்புறம் வீடு எழும்பும். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையில் தாழ்வாகக் கட்டிய கலுங்குச் சுவர் வழியாக மறுகால் பாய்ந்து அந்த ஓடையில்தான் கடலுக்குப் போக வேண்டும். கண்மாய் நிறைந்தால்தானே.

நிறைகிற தண்ணீரில் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடி ஒரு காரியம் செய்தது. கலுங்கை ஒரு முழம் உசத்துவது. வீட்டுக்கு வீடு வரி போட்டு, கோவில்பட்டியிலிருந்து பன்னிரண்டு மூட்டை சிமிண்டு இறக்கினார்கள். கட்டியவன் சீனித்தாயின் புருஷன் மாடக்கண்ணு. ஊரில் ஒரே கொத்தனார். சாந்து சுமந்த சித்தாள் சீனித்தாய். வேலை முடிந்த அன்று ஈரச் சிமிண்டில் ஆணியால் தன் பேரையும் வருஷத்தையும் எழுதினான். அந்த வருஷமே ஓடைக்குள் அவன் வீடும் எழும்பியது. சுவர் மண்தான். தரை மட்டும் சிமிண்டு, கண்ணாடி மாதிரி பூசியிருந்தான். இப்படி ஒரு தரை பெரிய வீடுகளில்கூட இல்லை என்று பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன பங்குனியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தில் பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, கால் இருந்தும் இல்லாத மாதிரி. கயிற்றுக் கட்டிலில் கிடந்தான்.

மழையின் மூன்றாம் நாள் காலையில் சீனித்தாய் பின்வாசல் கதவைத் திறக்கப் பார்த்தாள். மண் வீங்கி நிலை இறுகிப்போயிருந்தது. தோளைக் கொடுத்து முட்டினாள், அசையவில்லை. முன்வாசலைத் திறந்தால் படியை நக்கிக்கொண்டு தண்ணீர் ஓடியது. கண்மாய் நிறைந்து, உசத்தின கலுங்குக்கு மேலாகவும் ஒரு சாண் வழிகிறது என்று அர்த்தம். அடுப்பு நனைந்துவிட்டது. நேற்று ஆக்கிய கம்பஞ்சோறு ஒரு உருண்டை மிச்சமிருந்தது, அதைக் கரைத்து அவனுக்குக் கொடுத்தாள். மகள் சுடலைச்செல்வியை முந்தின நாளே ஊர்ப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடம்தான் ஊரில் ஒரே காரைக் கட்டடம். அதுவும் கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருந்தது.

"மழை இன்னைக்கு நின்னுரும்" என்றான் மாடக்கண்ணு.

"நேத்தும் இதத்தான் சொன்னீய."

வெளியே யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அக்கரையில் ஊர்ப் பெரியவர் அய்யாத்துரை நின்றார். கூட சோலைராஜும் இன்னும் இரண்டு ஆட்களும். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அய்யாத்துரைக்கு மூச்சு வாங்கியது.

"தாயி, மடைகிட்ட கரை கசியுது. இன்னைக்குப் பொழுது தாங்காது. கலுங்க ஒடச்சுத் தண்ணிய எறக்குனாத்தான் ஊரு தப்பும்."

"ஒடைங்க மாமா."

"அதுக்குத்தான வந்திருக்கோம். ஒடையலையே."

சோலைராஜ் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. "நடு மத்தியில விடியக்காலத்துல இருந்து கடப்பாரை போடுதோம் மதினி. தீப்பொறிதான் பறக்குது. வழியுத தண்ணிக்குள்ள நின்னு ஓங்கவும் முடியல. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். எங்கன அடிச்சா விடும்?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். மாடக்கண்ணுவின் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்ததைச் சீனித்தாய் பார்த்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனிடம் ஊரே வந்து, நீ கட்டியது உடைய மாட்டேனென்கிறது என்று சொன்னால் எந்தக் கொத்தனாருக்கு வராது?

"ஒரு எடத்துலயும் விடாது. நான் கட்டுனதுல்லா" என்றான்.

சீனித்தாய் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது பொய். அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்த ரெண்டாவது ஆள் அவள்.

கலுங்கின் வடக்கு ஓரம், கரையோடு சேருகிற இடத்தில் நாலடி, சிமிண்டு வைத்துக் கட்டியது கிடையாது. கரிசல் மண்ணைக் குழைத்து வைத்துக் கல் அடுக்கி, மேலே விரற்கடை சிமிண்டு பூசி மூடியது. அந்தச் சட்டியைச் சுமந்தவள் அவள்தான். பன்னிரண்டு மூட்டையில் இரண்டு மூட்டை குறைந்ததனால் அப்படி. குறைந்த இரண்டு மூட்டையும் இப்போது அய்யாத்துரையின் ஈரக் கால்களுக்குக் கீழே, கண்ணாடி மாதிரி தரையாகக் கிடந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அன்றைக்குச் சுடுகாட்டு மாடனைச் சாட்சி வைத்து அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

கரைமேல் நின்றபடியே, தண்ணீரில் கால் படாமல், நாலு போடு போட்டால் போதும். சொன்னால் ஊர் தப்பும், மகள் தப்புவாள். வீடு போகும், எழுந்து ஓட முடியாத மனுஷனோடு சேர்ந்து போகும். சொல்லிவிட்டால் அப்புறம் அவன் எந்த முகத்தோடு இந்த ஊரில் கிடப்பான் என்பதும் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது, அந்தப் பின்கதவு மாதிரி.

அவள் கட்டிலருகே குனிந்தாள். "பிள்ள அங்கன இருக்கா" என்றாள் மெதுவாக.

"கரை நிக்கும்ட்டி. சொல்லாத."

அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவளுக்கு அவன் மேல் இரக்கமும் வந்தது, கன்னத்தில் ஒரு அறை வைக்கவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிறதுதான்.

நிமிர்ந்து அய்யாத்துரையிடம் சொன்னாள். "மாமா, எடம் எனக்குத் தெரியும். சித்தாளு நாந்தான. மொதல்ல இவியளக் கட்டிலோட தூக்கிப் பள்ளிக்கூடத்துல சேருங்க. சேத்த பொறவு சொல்லுதேன்."

"நேரம் இல்ல தாயி. இப்பவே சொல்லு, சத்தியமாத் தூக்கிருவோம்."

"சொன்ன பொறவு ஒருத்தரும் இங்கன நிக்க மாட்டீய. எல்லாரும் கலுங்குக்கு ஓடிருவீய. எனக்குத் தெரியாதா?"

ஊரையே பிணை பிடித்தாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கே அது தெரிந்தது. அய்யாத்துரை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூக்குங்கலே" என்றார்.

மாடக்கண்ணு வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். யாரும் காதில் வாங்கவில்லை. நாலு மூலைக்கு நாலு பேர் தோள் கொடுத்தார்கள். சீனித்தாய் ஒரு துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

வெயில் காலத்தில் அந்த ஓடையைத் தாண்ட ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகாது. இப்போது ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்து, அடுத்த எட்டில் புதைக்க வேண்டியிருந்தது. மேலே ஓடுவது தண்ணீர், அடியில் பிடிப்பது கரிசல். முதுகுக்குப் பின்னால் கடல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. நடு ஓடையில் அய்யாத்துரையின் இடது கால் இடுப்புவரைக்கும் உள்ளே போய்விட்டது. கட்டில் சாய்ந்தது. மாடக்கண்ணு அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். இழுத்தால் அவர் வரவில்லை, விட்டால் கட்டில் போய்விடும். நகர வழியில்லாமல் ஐந்து பேரும் நின்றார்கள்.

அப்போது கண்மாய்க் கரையில் காவலுக்கு நின்ற காசிராஜனின் குரல் காற்றோடு வந்தது. "மடைக்கு மேல ஒரு முழம் சரிஞ்சுட்டு. சீக்கிரம் வாங்க."

இனிமேல் நினைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. சீனித்தாய் தலைமூட்டையைத் தண்ணீரில் விட்டாள். சோலைராஜின் தோளிலிருந்த கட்டில் காலைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வடக்கு ஓரம். கரையோட சேருத எடத்துல நாலடி. கரைமேலயே நின்னு அடி."

"அங்கன மட்டும் எப்படி விடும் மதினி?"

"மண்ணு வச்சுக் கட்டுனது. மேல பூச்சுத்தான் சிமிண்டு. போ."

சோலைராஜ் ஒரு விநாடி மாடக்கண்ணுவைப் பார்த்தான். அப்புறம் சேற்றை உழுதுகொண்டு ஓடினான். மாடக்கண்ணு கத்துவதை நிறுத்திவிட்டான். அது அவள் எதிர்பாராதது. அய்யாத்துரையின் தலைமுடியை விட்டுவிட்டு, மேல் உடம்பைப் புரட்டிக் கட்டிலில் குப்புற முகத்தைப் புதைத்துக்கொண்டான். மழை அவன் முதுகில் விழுந்தது.

அவள் ஒரு தோளைக் கட்டிலுக்குக் கொடுத்து, மறு கையால் அய்யாத்துரையின் அக்குளில் பிடித்துத் தூக்கினாள். சாந்துச் சட்டி சுமந்த உடம்பு. மூன்றாம் இழுப்பில் கால் வெளியே வந்தது. அக்கரையில் ஏறி நாலு எட்டு வைத்திருப்பார்கள், மேற்கே கலுங்குப் பக்கம் பாறை உருளுகிற மாதிரி ஒரு சத்தம். சீனித்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் வருகிற சத்தத்தை மட்டும் கேட்டாள். அது அவர்களைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சுடலைச்செல்வி ஓடிவந்து அம்மாவின் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டாள். சீனித்தாய் அப்போதுதான் அழுதாள். சாயங்காலத்துக்குள் கண்மாய் இரண்டு முழம் இறங்கியது. கரை நின்றது.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாள் வெறித்து வெயில் வந்தது. பஸ்ஸும் வரவில்லை, அதிகாரிகளும் வரவில்லை. சேறு யாரையும் உள்ளே விடுவதாக இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கம்பு நனைந்து முளை விடுகிற பதத்தில் இருந்தது. அது கெட்டுப்போனால் தைவரைக்கும் கஞ்சிக்கு வழியில்லை. காயப்போட ஊரில் ஒரு கை அகலத்துக்கு உலர்ந்த இடம் கிடையாது. பள்ளிக்கூடம் முழுக்க ஆட்கள்.

சீனித்தாய் வீட்டைப் பார்க்கப் போனாள். சுவர் ஒன்றுகூட இல்லை. கரைந்து கடலுக்குப் போய்விட்டிருந்தது. பின்கதவையும் காணவில்லை. தண்ணீர் ஒதுங்கின ஓடைக்கு நடுவில் தரை மட்டும் இருந்தது. வெள்ளம் கழுவி விட்டதில் முன்னைவிடப் பளபளவென்று, வெயிலில் ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது. ஒளித்து வைத்த பொருளைச் சாமி எடுத்து வெளியே வைத்த மாதிரி அவளுக்குக் கூசியது.

அவளுக்கு முன்னாலேயே அய்யாத்துரை அங்கே நின்றார். தலையில் நனைந்த கம்பு மூட்டை. தரையின் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"இதுல எத்தன மூடை?"

"ரெண்டு."

அவர் தலையை ஆட்டினார். வையப் போகிறார் என்று நினைத்தாள். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஓடைக் குழியில் காலைக் கழுவிவிட்டு வந்து, ஓரத்தில் தயங்கி நின்றார்.

"இதுல காயப் போடலாமா தாயி?"

"ஊருத் தரை மாமா. என்கிட்டக் கேக்கணுமா?"

அவர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அவள் குனிந்து கையால் பரப்பிவிட்டாள். மதியத்துக்குள் நாற்பது வீட்டுக் கம்பும் அங்கே வந்து சேர்ந்தது. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரவர் குவியலுக்கு நடுவே கோடு கிழித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினபோது மாடக்கண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டு நாளாக அவளிடம் பேசவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் திரும்பாமலே கேட்டான்.

"வீடு?"

"இல்ல. தரை மட்டும் கெடக்கு. ஊரு முச்சூடும் கம்பக் கொண்டாந்து அதுலதான் காயப் போட்டிருக்கு."

அவன் சுவர்ப் பூச்சை விரலால் தடவிப் பார்த்தான்.

"எங்கயாவது வெடிப்பு விட்டிருக்காட்டி?"

"ஒரு கீறல் இல்ல" என்றாள் சீனித்தாய்.

சாரத்திலிருந்து விழுந்த அன்றுகூட அழாதவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் தடுக்கவில்லை.