பத்தாவது ஞாயிறு

முன்பெல்லாம் குடிக்கிறவன் சந்து பொந்தால் ஒளிந்து போவான். இப்போது குடித்ததை எடுத்துச் சொல்லவே பஸ் ஏறிப் போகிறார்களாம், போய்க் கைதட்டும் வாங்குகிறார்களாம். வெட்கம் கெட்ட காலம். பஸ்ஸின் பின்சீட்டில் இருந்து ஆதம்லெவ்வை இதைத்தான் மென்றுகொண்டு வந்தார். மடியில், யூரியா சாக்கில் சுற்றிய மண்வெட்டிப் பிடி. நாலு சீட் முன்னால் அவருடைய மருமகன் நிப்றாஸ், மாமா ஏறியதே தெரியாமல், தொப்பியைக் கழற்றிச் சேர்ட் பையில் செருகினான்.

மகள் ஜெனூபாவின் கையை அவன் முறித்த அன்று, பிடரியில் பிடித்து வெளியே தள்ளியது ஆதம்லெவ்வைதான். கட்டுப் போட்ட கையோடு அவள் ஒரு கெடு வைத்தாள்: குடியை விடுகிற கூட்டத்துக்குப் பத்து ஞாயிறு போகட்டும், பத்தாவது முடிந்து வந்தால் கதவைத் திறக்கிறேன். ஊருக்குள் தேடினால் நாலு பேர் காணுவார்கள் என்று, ஆஸ்பத்திரி நேர்ஸ் கொடுத்த நம்பருக்கு அடித்துத் தம்பிலுவிலில் ஒரு கூட்டத்தைப் பிடித்தானாம். ஆதம்லெவ்வை நம்பவில்லை. கல்முனைக்குடியான் ஒருவன் ஞாயிறு பின்னேரம் அவ்வளவு தூரம் போவது எதற்கு? கூட்டமாவது மண்ணாங்கட்டியாவது, கள்ளுத் தவறணையில்தான் இருப்பான். இன்று பத்தாவது ஞாயிறு. அங்கேயே வைத்து அடித்து முறித்தால் ஜெனூபாவும் வாயை மூடுவாள்.

ஆனால் அவன் தவறணையைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு பழைய வாசிகசாலைக்குள் நுழைந்தான். பின்னாலேயே போன ஆதம்லெவ்வையின் கையை வாசலில் ஒரு தமிழ் இளந்தாரி பிடித்துக்கொண்டான்.

“வாங்க காக்கா. முதல் நாளா? வெக்கப்படாதீங்க, இஞ்ச எல்லாரும் குடிகாரர்தான். நான் பிரசாந்த், ஓட்டோ ஓடுறன்.”

“ஆர்ரா குடிகாரன்? அறுவத்தெட்டு வயசாகுது, ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல!”

“ஓம் ஓம், நானும் முதல் நாள் அப்பிடித்தான் சொன்னன்.”

பிளேன்டீயைக் கையில் திணித்துக் கடைசி வரிசைக் கதிரையில் இருத்திவிட்டான். எந்த ஊர், யாருடைய மகன் என்று ஒருவனும் கேட்கவில்லை. அதுவே ஆதம்லெவ்வைக்குச் சந்தேகமாக இருந்தது. அதைக்கூடக் கேட்காத மனிசர் என்ன மனிசர்?

முன்னால் நிப்றாஸ் எழும்பினான்.

“நான் நிப்றாஸ். பத்துக் கிழமையாத் தொடல்ல. ஒண்டச் சொல்லாம ஒளிச்சு வெச்சிருந்தன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பொஞ்சாதிக்கு அஞ்சு மாசம். வெறியில வவுத்துல உதைச்சன். புள்ள மவுத்து. கிணத்தடியில வழுக்கி விழுந்தெண்டு அவ வாப்பாக்கிட்டச் சொன்னா. மனிசன் நம்பிட்டார். புள்ளக்கி மண் போட்டதும் அவர்தான். நான் அண்டைக்கும் வெறியில கிடந்தன்.”

ஒரு சாண் நீளம்தான் இருந்தது அந்தப் பிள்ளையின் மையித்து. வெள்ளைத் துணியில் சுற்றி மணலுக்குள் இறக்கியது ஆதம்லெவ்வையின் கைக்கு இன்னும் தெரியும். அதற்கு முந்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே வலது கையால் அவர் ஜெனூபாவின் கன்னத்தில் அறைந்திருந்தார். ‘கண்ணப் பிடரியிலயா வெச்சிரிக்கா?’ உதடு வெடித்தது. முக்காட்டால் இரத்தத்தைத் துடைத்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: ‘என்ட பிழதான் வாப்பா.’

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

பிளேன்டீ கோப்பை தெறிக்க ஆதம்லெவ்வை முன்னால் பாய்ந்தார். மண்வெட்டிப் பிடியின் முதல் அடி நிப்றாஸின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கடைசிக் கதிரைவரை கேட்டது. இரண்டாவது அடி வாயில். ஒரு பல் சீமெந்துத் தரையில் உருண்டது.

“கைதட்டுறிங்களாடா! என்ட பேரப்புள்ளய உதைச்சுச் சாகடிச்சவனுக்குக் கைதட்டுறிங்களா!”

மூன்றாவதை ஓங்கும்போது நாலு பேர் விழுந்து அமத்தினார்கள். பிரசாந்தின் முழங்கால் அவருடைய நெஞ்சில் ஏறியது. அவனுடைய மணிக்கட்டைக் கடித்தார், அவன் விடவில்லை.

“விடுங்க,” என்றான் நிப்றாஸ், இரத்தத்தைத் துப்பிக்கொண்டு. அவன் கையை உயர்த்தவே இல்லை. “அவர் அடிக்கட்டும்.”

“காக்கா,” பிரசாந்த் மூச்சு வாங்கினான், “அவன் இஞ்ச வந்து சொல்லாட்டி, சாகும்மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

ஆதம்லெவ்வை உதறி எழும்பினார். “இனி என்ட வளவுக்க கால வெச்சா வெட்டிப் போடுவன்.”

“வளவும் வூடும் அவள்ட, மாமா,” என்றான் நிப்றாஸ். “சீதனமா நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. இண்டைக்கு அவளுக்கிட்டப் போய் இதத்தான் சொல்லப் போறன், வாப்பாக்கும் தெரியுமெண்டு. தொறக்காட்டிப் போயிருவன். அத அவள் சொல்லட்டும்.”

ஆதம்லெவ்வை படுக்கிறதும் அந்த வீட்டின் பின்னறையில்தான். பிடியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கல்முனை பஸ் வந்து நின்றது. கிழிந்த சேர்ட்டையும் தள்ளாடும் காலையும் பார்த்துக் கொண்டக்டர் மூக்கைச் சுளித்தான்.

“இந்த வயசிலயுமா காக்கா? பொம்புளயள் இரிக்காங்க. வெறி முறிஞ்ச பொறகு அடுத்த பஸ்ஸில வாங்க.”

பஸ் போய்விட்டது. வாசிகசாலைக்குள் கதிரைகளை நிமிர்த்தும் சத்தம், பிறகு வேறொரு குரல், பிறகு மறுபடியும் கைதட்டு. தட்டுங்கடா, தட்டுங்க. தட்டினால் மண்ணுக்குள் போனது எழும்பி வருமா?

பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வடக்கே நடந்தார். வலது கையை உடுத்த சாரத்தில் துடைத்துத் துடைத்தே நடந்தார். அதில் பட்டிருந்த ஜெனூபாவின் இரத்தம் எப்போதோ காய்ந்துவிட்டது.