சம்பந்திகளும் ஒரு பிளக் பாயிண்டும்

கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் அந்த இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் கண்ணாடிச் சாமானைத் தொடுவது போலத்தான் தொட்டுப் பேசினார்கள். பெண்ணின் அப்பா சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர். பையனின் அப்பா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பார்த்தால் ஒரு கும்பிடு, ஒரு சிரிப்பு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி” என்று ஒரு வாக்கியம். அதற்கு மேல் வண்டி நகராது.

இது சரிப்படாது என்று பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி, பெரியவர்கள் நாலு பேருக்கும் வெளிநாட்டுக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். அடுத்தடுத்த அறைகள். கூடவே மருமகள் ஒரு செய்தியும் அனுப்பினாள்: “அங்க நம்ம பிளக் பொருந்தாது. அடாப்டர் வாங்கிக்கங்க. ரெண்டு அப்பாவும் சேர்ந்தே போய் வாங்குங்க.”

சேர்ந்தே போனார்கள். மின்சாமான் கடையில் விற்பனைப் பெண் ஒரு சுவர் நிறைய அடாப்டர்களைக் காட்டினாள். தட்டைப் பல், உருண்டைப் பல், சாய்ந்த பல், மூன்று பல். பல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோமோ என்று அச்சகக்காரருக்குத் தோன்றியது. வாத்தியாருக்கோ பழைய வகுப்பறை திரும்பக் கிடைத்த மாதிரி ஆயிற்று. எந்தக் கண்டத்தில் எந்தப் பல் என்று ஆரம்பித்தவர், கண்டங்கள் எப்படி உண்டாயின என்பதற்குப் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் வேறு கவுண்டருக்கு நகர்ந்தார்கள்.

“சார், இது ஒண்ணு போதும். எல்லா ஊருக்கும் ஆகும்” என்று அந்தப் பெண் ஒரு கட்டையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் பூனை நகம் போல விதவிதமாகப் பற்கள் வெளியே வந்தன. “ஆனா இது பிளக்கத்தான் மாத்தும், கரண்ட மாத்தாது. போன் சார்ஜருக்கு ஒண்ணும் ஆகாது. தலை காயவைக்கிற மிஷின் மட்டும் மாட்டிடாதீங்க.”

“அறைக்கு ஒண்ணு. அதோட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துக்கலாமா சம்பந்தி?” என்றார் அச்சகக்காரர்.

வாத்தியார் கப்பல் கம்பெனியின் விதிமுறைக் கையேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

“கூடாதுன்னா கூடாது. சட்டம்னா சட்டம்” என்றார் வாத்தியார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அச்சகக்காரர்.

ஆளுக்கொரு அடாப்டரோடு கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

கப்பல் ஏறிய அன்று மதியம் அறைகளுக்குப் பெட்டிகள் வந்தன. அவற்றில் வாத்தியாரின் பெட்டி இல்லை. அதற்குப் பதில் ஒரு சீட்டு வந்தது: கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கவும். “சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. நீள மேசை மேல் பறிமுதல் செய்த சாமான்கள்: இஸ்திரிப் பெட்டிகள், வெந்நீர் கெட்டில்கள், ஒரு மின்சார அடுப்பு. எதிர் வரிசையில் அவற்றின் சொந்தக்காரர்கள், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையின் கடைசி நாற்காலியில் அச்சகக்காரர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

அதிகாரி இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத் தூக்கிக் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே கடையின் பை. “இது யாரோடது?”

“எதுக்கும் இருக்கட்டுமேன்னு…” என்று இழுத்தார் வாத்தியார்.

“நானும் அதேதான். இருக்கட்டுமேன்னுதான்” என்றார் அச்சகக்காரர்.

பாக்ஸ்களை இறங்கும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டிகளோடு அனுப்பினார்கள். லிஃப்டில் ஏறி வந்த நேரம் முழுவதும் இருவரும் மேலே எரிந்த விளக்கையே ஆராய்ந்தார்கள். எதற்காகத் திருட்டுத்தனமாகப் போய் வாங்கினோம் என்பதை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

வாத்தியாரின் காரணம் குறட்டை. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள டாக்டர் ஒரு மூச்சு மிஷின் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் நோயாளிக் குடும்பம் என்று நினைப்பார்களோ என்று அதை மூடி மறைத்தே வைத்திருந்தார். கப்பல் அறையிலோ பிளக் பாயிண்ட் இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசைப் பக்கம், கட்டில் இருந்தது எதிர்க்கோடியில். மிஷினின் வயரை எவ்வளவு இழுத்தாலும் பாதி வழியில் நின்றுகொண்டது. வேறு வழியில்லாமல் மிஷின் இல்லாமலே படுத்தார். அறைகளுக்கு நடுவில் இருந்தது பெயருக்குத்தான் சுவர் என்பதை அச்சகக்காரரின் மனைவி அன்று தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். வாத்தியாரின் கண்கள் சிவந்திருந்தன. சம்பந்தியம்மாவின் கண்கள் அதைவிடச் சிவந்திருந்தன. இனி மறைத்துப் பயனில்லை என்று வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தி, ராத்திரி என் குறட்டையால உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க.”

அச்சகக்காரர் முகம் மலர்ந்து தலையாட்டினார். “ரொம்பப் பிரமாதம்! தெனமும் இதே மாதிரி இருந்தா நல்லாருக்கும்.”

வாத்தியார் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். “கிண்டல் பண்றீங்களா?”

“இன்னும் ரெண்டு வாங்கிட்டு வரவா?” என்று எழுந்தார் அச்சகக்காரர்.

“பாத்தியா! அன்னைக்கும் இப்படித்தான்” என்று வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். “கல்யாண மண்டபத்துல, உங்க பொண்ண எங்க பொண்ணா பாத்துக்குவோம்னு கண்ணு கலங்கிச் சொல்றேன். கார் வாசல்ல நிக்குதுன்னாரே! கெளம்புங்கன்னு அர்த்தம்தானே அதுக்கு? இத்தன நாளா வாயத் தெறக்காம இருக்கேன்.”

அச்சகக்காரரின் மனைவியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே, அவருக்குக் காது கேக்காது!”

கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பிய கணவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

ஆயுள் முழுக்க அச்சு மிஷின் சத்தத்தில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டதையும், இரண்டு காதுக்கும் சின்னதாக மிஷின் வைத்திருப்பதையும், சம்பந்திக்கு முன்னால் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு மண்டபத்திலும் அடாப்டர் கடையிலும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்ததையும் அந்த அம்மா மூச்சுவிடாமல் சொன்னார். “அன்னைக்குக் கார் எங்க நிக்குதுன்னு நீங்க கேட்டதா நெனச்சாரு. இப்பவும் ரொட்டி எப்படின்னு கேட்டதாத்தான் நெனச்சிருக்காரு. நேத்து அந்தக் காது மிஷினுக்குச் சார்ஜ் போட எடம் இல்ல. இருந்த ஒரு அடாப்டர்ல நான் தலை காயவைக்கிறத மாட்டிட்டேன். அது பல்லி மூச்சு விடுற மாதிரி ஊதிச்சு, அப்புறம் அடாப்டரோட சேந்து கருகிப்போச்சு.”

“கடையில அந்தப் பொண்ணு சொல்லுச்சே!” என்றார் வாத்தியார்.

“உங்ககிட்டதானே அண்ணே சொல்லுச்சு? எனக்கு யாரு சொன்னா? கேட்டுட்டு வந்து சொல்ல வேண்டியவரு காதுதான் அந்த லட்சணத்துல இருக்கே!”

வாத்தியாரின் மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாத்தியார், “செவிடன் காதுல…” என்று ஒரு பழமொழியை ஆரம்பித்து, பாதியிலேயே காபியோடு சேர்த்து விழுங்கினார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், சம்பந்தியின் காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னார்:

“உங்க பொண்ண எங்க பொண்ணா பாத்துக்குவோம்னு சொன்னேன்!”

அச்சகக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்துக்கிறீங்கதான். அவ போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவா” என்றார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துச் சமாளித்தார்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் வரவேற்பு மேசைக்குப் போனார்கள். மூச்சு மிஷினுக்காகக் கேட்டால் கப்பலே ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரும் என்றாள் அங்கிருந்த பெண். “மொதல்லயே சொல்லியிருந்தா கட்டில் பக்கத்திலயே வச்சிருப்போமே. ஏன் சொல்லல?” இருவரும் மறுபடி மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாக்ஸ். அது வாத்தியார் அறைக்குப் போயிற்று. அன்று முதல், படுக்கப் போகும் முன் அச்சகக்காரர் கதவைத் தட்டித் தன் இரண்டு காதுகளையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்து வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாத்தியார் அதைத் தன் மிஷினுக்குப் பக்கத்திலேயே சொருகினார். காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், “இந்தாங்க சம்பந்தி, வயிறு நெறஞ்சிருக்கு” என்று அவர் கையில் கொடுத்தார். ஒருநாள் வாத்தியார் தாமதமாக எழுந்துவிட்டார். அதுவரைக்கும் அச்சகக்காரர், தன் மனைவி சொன்ன எதற்கும் பதில் சொல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாராம்.

பெண்கள் இருவரும் கணவர்களை விட்டுவிட்டு நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி என்று அலைய ஆரம்பித்தார்கள். மருமகள் தொலைபேசியில் கூப்பிட்டு, “அடாப்டர் ஒழுங்கா வேலை செய்யுதா?” என்று கேட்டாள். “உங்கப்பா என்னோட ரூமுலதான் சார்ஜ் ஆவுறாரு” என்றார் வாத்தியார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பயணம் முடியும் தறுவாயில் ஒரு மாலை, இருவரும் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார்கள். தூரத்தில் ஒரு தீவு தெரிந்தது. வாத்தியார் விடவில்லை. அது எரிமலைத் தீவா, பவளத் தீவா என்பதில் தொடங்கி, கடல் நீரோட்டங்களுக்கு வந்து, காற்றழுத்தத்துக்குள் நுழைந்தார். அச்சகக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு வலது காதைக் கழற்றினார். இடது காதையும் கழற்றினார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சார்ஜ் தீந்துபோச்சு சம்பந்தி” என்றார்.

வாத்தியாருக்கு முகம் சுருங்கியது. காலையில் அதற்குப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சம்பந்தி கண்ணை மூடி, கால் நீட்டி, காற்றில் முகத்தைக் காட்டிப் படுத்திருந்தார். வாத்தியார் தன் வாழ்நாளில் முதல்முறையாக, மணி அடிக்காமலே பாடத்தை நிறுத்தினார்.