கால் வழுக்காத கூரை

மகன் கூரையிலிருந்து விழுந்து இறந்த மறுவாரமே அவனுடைய காலடிகள் மட்டும் மறுபடி கூரைமேல் ஏறிவிட்டன. பகலில் நிதானமாகவும், ராத்திரியில் நினைத்துக்கொண்டாற்போலவும் நடந்தன. முதலில் தெருவே வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நின்றது. பார்க்க ஒன்றுமில்லை. ஒரு ஓடு அமுங்கும், பிறகு அடுத்த ஓடு அமுங்கும், முகட்டில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் வழிவிட்டுத் தள்ளி உட்காரும், அவ்வளவுதான். கழுத்து வலித்ததும் ஆட்கள் கலைந்தார்கள். வருடங்கள் போகப்போக அதுவும் தெருவின் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி காலடி மேற்குச் சரிவுக்குப் போனதும் காயப்போட்ட துணியை எடுப்பாள். தபால்காரர் மேலே பார்த்து, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார்.

அந்த வீட்டு அம்மாள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேருந்து புறப்படும் நேரத்தை அறிவிக்கிறவள். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவள் அறிவிப்புக்காரம்மா. புருஷன் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவர், கண்ணாடிக்காரர். இருவருக்கும் இருந்தது ஒரே பிள்ளை. பம்புசெட் பழுதுபார்க்கிற வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். எந்த வேலையையும் நாளைக்கு என்று சொல்லத் தெரியாதவன். அவனுடைய அப்பாவுக்கோ நாளைக்கு என்பதைத் தவிர வேறு பதில் தெரியாது. கூரை ஒழுக ஆரம்பித்ததும் மாற்றிவிடலாம் என்றார். மண் ஓடா, தகரமா, கல் ஓடா என்று கடை கடையாக ஏறி மாதிரிகளை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். மண் ஓடு என்றால் பாரம், தகரம் என்றால் சூடு, கல் என்றால் கூரைச் சட்டமான கைமரம் தாங்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லியே மழைக்காலங்கள் கழிந்தன. கடைசி மழையில் யாரும் சொல்லாமலே மகன் பிளாஸ்டிக் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். ஓட்டில் பாசி பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் தூங்கவில்லை. புரண்டு படுத்தார், எழுந்து உட்கார்ந்தார் என்கிற கணக்கில் அல்ல, கண்ணே மூடவில்லை. கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்தபடியே வருடங்களைக் கழித்தார். கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகள் கன்னம்வரை இறங்கின. பட்டறையில் அளவு தப்பியது. அவர் தேய்த்துக் கொடுத்த வில்லைகளை மாட்டிக்கொண்டவர்களுக்கு உலகமே ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தது; அவர்கள் தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மருத்துவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அந்த அம்மாளைத் தனியாக அழைத்தார். "இவரு தூங்கலைன்னா ரொம்ப நாள் தாங்கமாட்டாரும்மா. மாத்திரை ஒண்ணும் வேலைக்கு ஆகல. மனசை எதுல வெச்சிருக்காருன்னு பாருங்க" என்றார். அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். மேலே நடக்கிற சத்தம் அவரைத் தின்றது. அவளை உயிரோடு வைத்திருந்ததும் அதே சத்தம்தான். வேலை விட்டு வந்து, காலடி எந்த மூலையில் இருக்கிறதோ அதற்கு நேர்கீழே பாயைப் போட்டு உட்காருவாள். குதிகாலை அழுத்தி வைத்தால் கோபத்தில் இருக்கிறான், விரலை ஊன்றினால் ஏதோ யோசிக்கிறான். ஆனால் ஒரு நாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் இறங்குவான், இறங்கினால் அப்படியே போய்விடுவான் என்று ஒரு பயம்.

இதற்கிடையில் கூரை செத்துக்கொண்டிருந்தது. ஓடு தாங்கும் ரீப்பர் சட்டங்களைக் கரையான் தின்று, கைமரங்கள் நடுவில் தொய்ந்து, மகன் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கீழே மாவு கொட்டியது. ஒருநாள் ஒரு ஓடு உடைந்து அவள் சாப்பிடுகிற தட்டிலேயே விழுந்தது. கூரைக்காரரை அழைத்து வந்தாள். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தட்டிப் பார்ப்பதையே நம்புகிறவர் அவர். இரண்டு மரத்தைத் தட்டிவிட்டு இறங்கினார். "அடுத்த மழைக்கு இது நிக்காதுக்கா. மொத்தமா பிரிச்சு வேறதான் போடணும். எதைப் போடறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "என்னைக் கேக்காதே" என்று அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடையில் சுவர் முழுக்க மாதிரிகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர்.

"நிறம் எதுவானாலும் சரி. மேல ஆள் நடந்தா கால் வழுக்குமா, அதைச் சொல்லுங்க."

"கூரை மேல யாரும்மா நடக்கப்போறாங்க?"

"என் பையன்."

கடைக்காரரும் அந்த ஊர்தான். தலையை ஆட்டிவிட்டு, மருமகனுக்குச் செருப்பு தேர்ந்தெடுக்கிறவர் போல ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். தகரம் காலம் முழுக்க உழைக்கும், வெயிலில் காலைச் சுடும். மெருகேற்றிய மண் ஓடு பார்க்க லட்சணம், அடி வைத்தால் மணிபோலச் சத்தம் வரும். இதோ இது ஷிங்கிள். தாரில் தோய்த்து மேலே பொடிக்கல் ஒட்டிய பட்டை, பலகைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பது. உப்புத்தாள் மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும். "ஆனா சத்தமே வராதும்மா. மழை பெஞ்சாக்கூட உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது" என்றார். அவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் இடித்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கூரைக்காரர் கிழக்குச் சரிவில் ஒரு பகுதியில் மட்டும் பழைய ஓட்டைப் பிரித்து, முதலில் தகரத்தை அடித்தார். காலடி அதன்மேல் ஒருமுறை பட்டது, வெந்நீரில் மிதித்ததுபோல் துள்ளியது, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்து தகரத்தை எடுத்துவிட்டு, பலகை பரப்பி ஷிங்கிளை அடித்தார். மதியம் காலடி வழக்கம்போல் வந்து, ஷிங்கிளின் விளிம்புவரை கேட்டு, பிறகு கேட்காமல் போயிற்று. மறுபக்கமாக வெளியேறவும் இல்லை. அந்த இடம் அவனுக்குப் பிடித்துவிட்டது போலும். அங்கேயே சுற்றிச் சுற்றி நடந்தானோ, உட்கார்ந்தேவிட்டானோ, யாருக்குத் தெரியும்? அவள் பாயை இழுத்து இழுத்துப் போட்டு அண்ணாந்து கேட்டாள். ஒன்றுமில்லை. ஸ்டூல்மேல் ஏறிப் பலகையில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. புருஷனிடம் சொல்லப் போனபோது அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

வருடக்கணக்கில் மூடாத கண்கள் மூடிக் கிடந்ததைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிள்ளையின் சத்தம் நின்றதும் எப்படி அடித்துப்போட்டதுபோல் தூக்கம் வருகிறது பார்! வெளியே ஓடி, கூரைக்காரரிடம் அதை உடனே பிடுங்கச் சொன்னாள். அவர் தயங்கினார், அவள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். பட்டைகள் பிடுங்கப்பட்டதும் பக்கத்தில் மிஞ்சியிருந்த பழைய ஓட்டின்மேல் காலடி நொறுங்கிக் கேட்டது. உள்ளே கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

சேதி எப்படியோ நாத்தனாருக்கு எட்டிவிட்டது. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணி, நானும் அவனைத் தூக்கி வளர்த்தவதான். போனவனுக்காக இருக்கறவனைக் கொன்னுடாதீங்க."

"உங்க அண்ணன் அன்னிக்கே கூரையை மாத்தியிருந்தா என் பையன் போயிருக்கவே மாட்டான்."

சொன்ன பிறகுதான் அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது அவளுக்குக் கேட்டது. அத்தனை வருடமும் பல்லைக் கடித்து உள்ளே வைத்திருந்த வாக்கியம் அது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.  கூரைமேல் நடை போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் அறிவிப்புக்காரம்மா மெருகு ஓட்டை அடிக்கச் சொன்னாள். மணிபோலச் சத்தம் வரும் என்று சொன்னார்களே, அது போதும் அவளுக்கு. சத்தம் வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தை விரலால் சுண்டியதுபோல் முதல் அடி. பிறகு இரண்டாவது. அவள் கண்ணில் நீர் கோர்க்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டின்மேல் ஏதோ நீளமாகச் சறுக்குகிற சத்தம். அவள் உறைந்து நின்றாள். கொஞ்ச நாளாகப் படுக்கையிலிருந்து எழவே ஆள் துணை வேண்டியிருந்த கண்ணாடிக்காரர் அவளைத் தள்ளிக்கொண்டு, வேட்டி காலில் தடுக்க, முற்றத்துக்கு ஓடினார். கூரை விளிம்பான இறவாணத்துக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

மேலே சறுக்கல் நின்றது. காலடி தட்டுத்தடுமாறி, முகட்டுக்கு ஏறிவிட்டது. அவர் மட்டும் கையை இறக்கவில்லை. அவள் போய்த் தோளைத் தொட்டாள். 

"வாங்க உள்ள. ஏறிட்டான்."

"இப்ப ஏறிட்டான். அடுத்த தடவை?" என்றார் அவர். "ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடி கேக்குமான்னு காத்துட்டுப் படுத்திருக்கேன். ஒண்ணு கேக்கும். அதுக்கப்புறம் இன்னொண்ணு. அது கேக்கலைன்னா நான் ஓடிவந்து பிடிக்கணுமில்ல. தூங்கிட்டா எப்படி ஓடறது?"

அவள் கேட்டாள், "ஷிங்கிள் போட்ட அன்னிக்கு மட்டும் எப்படித் தூங்கினீங்க?"

"சறுக்கற சத்தம் எதுவும் இல்லாம நடை நின்னுபோச்சே. இறங்கிட்டான்னு நெனச்சேன்."

அறிவிப்புக்காரம்மா முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை வருடம் படுத்தும், அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்க எந்தப் பேருந்து எப்போது புறப்படும் என்று சொல்கிறவளுக்கு, பெற்ற பிள்ளையைப் பார்த்து வா என்று சொல்ல வாய் வரவில்லை. போய்விடுவானோ என்ற பயத்தில் அவனை வழுக்குகிற கூரைமேலேயே நிற்கவைத்திருக்கிறாள். கூரைக்காரரைக் கூப்பிட்டாள். "ஷிங்கிளையே போட்டுடுங்க தம்பி. வீடு முழுக்க" என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை.

பழைய ஓடுகளைக் கீழிருந்து பிரித்துக்கொண்டே போனார்கள். பிரிக்கப் பிரிக்கக் காலடி மேலே மேலே ஒதுங்கியது. கைமரங்கள் மாறின, பலகை பரவியது, பட்டைகள் வரிசையாக ஏறின. கடைசியில் முகட்டை ஒட்டி ஒரு வரிசை பழைய ஓடு மட்டும் மிஞ்சியது. அதன்மேல் காலடி நின்றுகொண்டது. முன்பு அவன் காலுக்குக் கீழிருந்தே பிடுங்கியதாலோ என்னவோ, புதுப் பட்டைகள் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதில் கால் வைக்கவில்லை. கூரைக்காரர் கடப்பாரையைக் கொண்டுபோனால் ஓடு நடுங்கியது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "நகர மாட்டேங்கறான்க்கா. மேகம் கட்டிட்டு வருது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அந்த ஏணியை அதுவரை அவள் தொட்டதில்லை. கீழே கண்ணாடிக்காரர் ஏணிக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேலே காற்று பலமாக இருந்தது. தெருவில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. அவள் முகட்டைப் பார்த்தாள். கால் அளவுக்கு இரண்டு ஓடுகள் அமுங்கியிருந்தன. பெருவிரல் இருக்கிற இடம்கூடத் தெரிந்தது.

"கண்ணா," என்றாள்.  மூச்சை வாங்கிக்கொண்டாள். "ஒழுகறதெல்லாம் சரியாயிடுச்சுடா. இனிமே நீ இங்க நிக்க வேணாம். அப்பாவால முடியல. இறங்கு. இறங்கி எங்க போகணுமோ போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தூறல் விழுந்தது. ஓடு அமுங்கியபடியே இருந்தது. அவள் ஏணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் பார்க்கிறது என்றுகூட இல்லாமல், சின்னப்பிள்ளைபோல் விசும்பி அழுதாள். மழை பிடித்து முதுகை நனைத்தபோது அந்த இரண்டு ஓடுகளும் மெல்ல நிமிர்ந்தன. புதுப் பட்டையில் படிந்திருந்த ஈரத்தில் ஒரு கால் தடம் விழுந்தது. அடுத்தது. வழுக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஏணியின் படி ஒன்று வளைந்து கிறீச்சிட்டது, பிறகு அதற்குக் கீழே உள்ள படி. அவள் வயிற்றை எக்கி வழிவிட்டாள். கீழே ஏணியைக் கட்டிப் பிடித்திருந்த கண்ணாடிக்காரரின் தலைமயிர் ஒரு கணம் கலைந்து படிந்தது.  ஈரத் தடங்கள் முற்றத்தைக் கடந்தன, வாசல் கதவுக்கு எதிரே நின்றன. தெருப்பக்கமா, வீட்டுப்பக்கமா என்று அவள் ஏணி உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடங்கள் வீட்டுக்குள் போயின.

கூரைக்காரர் மிச்ச வரிசையை அன்றே முடித்துவிட்டார். வேலை சுத்தம் என்று ஊரே சொன்னது. அவருக்கு அதற்குப் பிறகு நிறைய வீடுகள் கிடைத்தன. எதிர்வீட்டுக்காரி துணி எடுக்க மறந்து கொஞ்ச நாள் அவதிப்பட்டாள். அறிவிப்புக்காரம்மா வேலைக்குக் கிளம்பும்போது உள்பக்கம் பார்த்து "வரேன்டா" என்பாள். சமையலறையிலிருந்து காலடி வாசல்வரை வரும். கண்ணாடிக்காரருக்கு உடம்பு தேறியது. அவருடைய வில்லைகளில் உலகம் நேராகத் தெரிந்தது. பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுவார், படுத்ததும் குறட்டைதான். முதலில் கட்டிலருகே வந்து நிற்கும் காலடி, அந்தக் குறட்டை தாங்காமல் கொஞ்ச நேரத்தில் முன்னறைக்கு நடந்து போய்விடும்.