பேர் வேண்டாம், டிபார்ட்மென்ட் போதும்

சுந்தரபாண்டியன் அண்ணன் அந்தப் போர்டில் எழுதிப் போட்ட பதில்களில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பொய் சொல்கிறவனை இரண்டு வசவு வைதுவிட்டு மறந்துவிடலாம்.

அவர் எங்கள் மில்லில் கம்பவுண்டர். மில் ராஜபாளையத்தில். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. காலை ஷிப்டுக்கு நானும் என் வீட்டுக்காரர் பக்கீர் முகமதுவும் அவரும் ஒரே டவுன் பஸ்ஸில் போவோம். என்னைத் தங்கச்சி என்பார், என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்பார். பெருநாளைக்கு எங்கள் வீட்டு பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும். இதெல்லாம் ஒப்புக்குச் செய்ததில்லை. நான் மனதாரத்தான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன்.

நான் ரீலிங்கில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிறவள். என் வீட்டுக்காரர் ப்ளோரூமில், அதாவது பேல் பஞ்சைப் பிரித்து முதன்முதலாக மிஷினில் போடுகிற இடத்தில். மில்லிலேயே தூசி அதிகம் அங்கேதான். எட்டு வருசமாக அவர் அங்கே பதிலி ஆள். பதிலி என்றால் வேலை எல்லாம் ஒன்றுதான், உரிமை மட்டும் கிடையாது. நிரந்தரம் ஆனவர்கள்தான் வேறு டிபார்ட்மென்ட் கேட்டு மனுப் போடலாம். அந்தத் தூசியை விட்டு அவர் வெளியே வரவேண்டும் என்றால் முதலில் நிரந்தரம் ஆகவேண்டும். நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ஏனென்றால் வீட்டில் அவர் இருமிய இருமல் அப்படி. ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாக இருப்பார். திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பினால் நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டியது மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். வாரம் போகப் போகக் கொஞ்சம் லேசாகும். மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்கமாட்டார். வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்பார்.

மில்லில் ஆளுக்குத் தினம் ஒரு துண்டு மண்டைவெல்லம் கொடுப்பார்கள். நெஞ்சில் சேர்ந்த பஞ்சை வெல்லம் வழித்துக்கொண்டு போய்விடும் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. இவர் தன் துண்டோடு என் துண்டையும் சேர்த்துத் தின்பார். சீனி வியாதி வந்துவிடும் என்று திட்டினால், பஞ்சை விடச் சீனி பரவாயில்லை என்று சிரிப்பார்.

எண்பத்தாறாம் வருசம், ஆடி மாதம் போல இருக்கும், கேன்டீன் வாசலில் ஒரு தகரப் பெட்டி வந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புப் போர்டு. உடம்பு சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம், கம்பவுண்டர் சனிக்கிழமை போர்டில் பதில் எழுதுவார் என்று அறிவிப்பு. பேர் போடவேண்டாம். வயசு, டிபார்ட்மென்ட், எத்தனை வருச வேலை, இந்த மூன்றும் போதும். ஆளுக்குத் தகுந்த மருந்து சொல்ல அது தேவை என்று பஸ்ஸில் எனக்கு விளக்கிச் சொன்னார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

முதல் இரண்டு வாரம் எல்லாம் கேலிக்கூத்துதான். புருசன் சொன்ன பேச்சைக் கேட்க எந்த டானிக் நல்லது என்று ரீலிங்கில் யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். அதற்கும் அவர் முகம் சுளிக்காமல், அப்படி ஒரு டானிக் வந்தால் முதல் பாட்டில் எனக்குத்தான் என்று எழுதினார். அப்புறம் நிஜமான கேள்விகள் வந்தன. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் ஒன்றுக்கு மஞ்சளாகப் போகிறதே, காமாலையா? இல்லை, உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளியே போகிறது, பயம் வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கலாமா? கூடாது, காபி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சம்பழச் சாறோடு போடுங்கள். சத்து டானிக் தினம் குடித்தால் சோறு குறைத்துக்கொள்ளலாமா? டானிக் சோறு ஆகாது, அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கித் தின்னுங்கள்.

மருந்துக் கடைக்காரன் ஒருத்தனாவது இப்படிச் சொல்வானா? சனிக்கிழமை ஆனால் போர்டு முன்னால் கூட்டம் நெரிந்தது. எழுதத் தெரியாத பெண்களுக்கு நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அந்த மில்லில் நான் பெரிய வக்கீல்.

ஆவணியில்தான் ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் வந்தது. வெல்லம் தின்றால் நெஞ்சில் உள்ள பஞ்சு போகுமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவர் எழுதினார்: "வெல்லம் வயிற்றுக்குப் போகிறது. பஞ்சு போவது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுக்குகிறவர்கள் தயங்காமல் எழுதுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் நல்லது."

அதைப் படித்துவிட்டு அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மில் கொடுக்கிற வெல்லத்தையே ஒன்றுக்கும் ஆகாது என்று மில்லுக்குள் எழுதுகிறாரே, இந்த மனுசனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு சீட்டு எழுதினேன். வயசு முப்பத்தி நாலு, ப்ளோரூம், எட்டு வருசம். திங்கட்கிழமை நெஞ்சு கட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வருசக்கணக்காக இப்படி. என்ன சத்து மாத்திரை சாப்பிடலாம்? எழுதிப் பெட்டியில் போட்டதோடு விட்டேனா? திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கம்பவுண்டர் அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் குனிந்து, அந்தச் சீட்டு இவருடையதுதான் அண்ணே, கொஞ்சம் நல்லாப் பார்த்து எழுதுங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். மாப்பிள்ளைக்கு எத்தனை நாளாக இருக்கிறது, சளியில் ரத்தம் வருகிறதா, குடும்பத்தில் யாருக்காவது காசம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பதில் சனிக்கிழமை வந்தது. இதற்குச் சத்து மாத்திரை எதுவும் உதவாது, தூசி இல்லாத இடத்துக்கு மாறுவதுதான் மருந்து என்று எழுதியிருந்தார். அதுவும் உண்மைதான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நிரந்தர லிஸ்ட்டை ஒட்டினார்கள். ப்ளோரூமில் பதினோரு பேர். வருச வரிசைப்படி என் வீட்டுக்காரர் நான்காவது ஆள். நான் மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். அவர் பேர் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த கருத்தப்பாண்டி இருந்தான், அவனுக்கும் பின்னால் வந்த பால்ச்சாமி இருந்தான். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

நான் ஆள் வருகை எழுதுகிற டைம் ஆபீசுக்குப் போனேன். அங்கே கிளார்க் தவசிமுத்து எங்கள் ஊர்க்காரர். முதலில் மழுப்பினார். விடாமல் நின்றேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ப்ளோரூமில் ஆறு பேருக்கு நெஞ்சுக் கோளாறு என்று டிஸ்பென்சரியில் இருந்து பேரோடு லிஸ்ட் வந்தது, ஆறு பேரையும் தள்ளிவிட்டார்கள், இனி பதிலி வேலையும் வராது என்றார். வருங்காலத்தில் நஷ்ட ஈடு என்று கோர்ட்டுக்குப் போகிற ஆளை இப்போதே கழித்துவிடுகிறார்களாம்.

டிஸ்பென்சரிக்கு நடக்கும்போது அந்த லிஸ்ட் வேறு யாரோ போட்டதாக இருக்கவேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டே போனேன்.

அண்ணன் பஞ்சில் டிங்சர் நனைத்து யாருக்கோ விரலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகிற வரைக்கும் நின்றேன். பிறகு நேராகவே கேட்டேன்.

"பெட்டியே ஆபீஸ் வாங்கி வச்சதுதான், தங்கச்சி" என்றார். "சீட்டெல்லாம் அங்கதான் போகும். நான் சம்பளம் வாங்குறது அவியகிட்ட."

"பேர் வேண்டாம்னு சொன்னீங்களே."

"வயசும் வருசமும் இருந்தாப் போதாதா? மஸ்டர் ரோல், அந்த ஆள்வரிசை நோட்டைப் பார்த்தாத் தெரிஞ்சிரும். அஞ்சு பேரை அப்படித்தான் தேடுனேன்." கைகளைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளையத் தேடவே இல்ல. நீயே சொல்லிட்ட."

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஒரு மருந்துப் பெட்டியைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். இது வைட்டமின், நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பசி எடுக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு கொடு என்றார். அப்போதும் சரியான பதில்தான் சொன்னார்.

"நான் எழுதுன பதில்ல ஒண்ணாவது தப்பா இருந்துச்சா, சொல்லு" என்றார்.

இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு நல்ல பதிலும் அடுத்த சீட்டை வரவழைக்கப் போட்ட தீனி. நான் அந்த அட்டையைத் தொடவில்லை. உங்கள் வீட்டுக் கரும்பு இனி என் வாசலுக்கு வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நூறு வார்த்தை வந்தது.

வீட்டுக்குப் போனபோது சாயங்காலத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் முற்றத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக் கோளாறு என்று தள்ளிய செய்தி பஸ் ஸ்டாப்பிலேயே அவருக்கும் எட்டிவிட்டது. முகம் வாட்டமாக இருந்தாலும் குழம்பிப் போயிருந்தார் என்பதுதான் சரி.

"எப்படித் தெரிஞ்சிச்சுன்னுதான் வெளங்கல, மெகராசு" என்றார். "அந்த ஷெட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது. இருமல் வந்தா பேல் குடோனுக்குப் பின்னால போயிருவேன். துண்டை வாயில திணிச்சுக்கிட்டு இருமுவேன். வருசா வருசம் டாக்டர் பார்க்க வரும்போது இருமல் வராம இருக்க ரெண்டு மிளகை நாக்குக்கடியில வச்சுக்கிட்டுப் போவேன். எட்டு வருசம். சூப்பர்வைசருக்கே தெரியாது. எவன் சொன்னான்?"

எனக்கு அது அதுவரை தெரியாது. அவர் டாக்டரிடம் போக மறுத்தது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். எட்டு வருசம் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக் காப்பாற்றியதை நான் அரைத்தாள் சீட்டில் எழுதி, அதுவும் போதாதென்று பஸ்ஸில் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறேன். கம்பவுண்டர் மீது பழியைப் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிசம் தோன்றியது. போட்டாலும் அது பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொல்லியே ஏமாற்றுகிற வித்தையை நான் அன்றைக்கு மத்தியானம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"நான்தான் சொன்னேன், மச்சான்" என்றேன்.

சீட்டு எழுதியது, பஸ்ஸில் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பிறகு அவருக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, என்னைத் தாண்டி, தெருவுக்குப் போனார்.

இத்தனை வருசத்தில் அதன் பிறகு அவர் என் எதிரில் இருமியதே இல்லை.