துடைப்பம் பட்ட கல்

...பட்டுவிட்டது, இல்லை படவில்லை, கைப்பிடியில் ஏதோ சின்ன அதிர்வு, அவ்வளவுதான், ஐஸில் கிடந்த தூசாக இருக்கும், யாருடைய ஷூவிலிருந்தோ உதிர்ந்த மண்ணாக இருக்கும்... தூசு இப்படி அதிருமா? இருபது கிலோ கருங்கல் வழுக்கிக்கொண்டு போகும்போது அதன் விலாவில் துடைப்பம் உரசினால் கைக்குத் தெரியாதா, தெரிந்தது, நயேலி, உனக்கு நன்றாகவே தெரிந்தது, நடிக்காதே, ஓடும் கல்லில் துடைப்பம் படக்கூடாது, அதுதான் சட்டம். கல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு முன்னால் ஜோலின் குனிந்து, கல் இன்னும் தூரம் வழுக்க, சாமி வந்தவள் போல ஐஸைத் தேய்க்கிறாள், பின்னால் கல்லை விட்ட எங்கள் கேப்டன் கார்சன் "பெருக்கு, பெருக்கு, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருகிறான், நானும் பெருக்குகிறேன், கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது, தலைதான் அந்த ஓர் இடத்திலேயே நின்றுவிட்டது. இது கடைசிக் கல், இரண்டு அணியும் சமம், வட்டத்துக்குள் எதிரணி கேப்டன் மார்னியின் சிவப்புக் கல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, எங்கள் மஞ்சள் கல் அதைவிடக் கொஞ்சம் நடுவுக்கு நெருங்கி நின்றுவிட்டால் போதும், சனிக்கிழமை இறுதி ஆட்டம் எங்களுக்கு, பல்கலைக்கழகமே திரண்டு வரும் என்கிறான் கார்சன், வருவது நாற்பது பேர் இருக்கும், இறுதி ஆட்டத்துக்குப் போனாலே ஆளுக்கொரு பன்றித் தொடை பரிசு. மூன்று வருஷமாக எல்லாரிடமும் உதை வாங்கிய அணி இது. அந்தத் தொடையை எப்படிச் சமைக்கப்போகிறான் என்று கார்சன் போன மாதமே எங்களுக்குச் சொல்லிவிட்டான்.

யார் பார்த்தார்கள்? ஜோலின் பார்க்கவில்லை, அவள் கண் ஐஸில், கார்சன் எங்கள் முதுகுக்குப் பின்னால், மார்னியும் எங்கள் நாலாவது ஆள் டெவும் வட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், அவர்களுக்கும் கல்லுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர் குனிந்திருக்கிறோம்... நடுவர்? நடுவரே கிடையாதே, அதுதானே இந்தக் கர்லிங் என்ற ஐஸ் ஆட்டத்தின் கூத்து. முதல் வாரம் ஃபோனில் சொன்னபோது அம்மா சிரித்தாள், "உன்னைப் படிக்க அனுப்பினா அங்க போய்ப் பெருக்கிட்டு இருக்கியா? இங்க ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டிருப்பியாடி?" அப்பா சிரிக்கவில்லை. அவர் எங்கள் ஊர் புவெப்லாவில் வாரநாள் எல்லாம் பெயிண்ட் கடையில் நிற்பவர், ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டால் வேறு ஆள், எங்கள் பேட்டைக் கால்பந்து ஆட்டங்களுக்கெல்லாம் அவர்தான் நடுவர், வசவும் அவருக்குத்தான். "நடுவர் எங்கம்மா நிப்பார்?" என்று கேட்டார். நடுவர் இல்லப்பா. "அப்ப துடைப்பம் கல்லுல பட்டா யார் சொல்றது?" பட்டவங்களே சொல்லணும்ப்பா. "சரி... சொல்றாங்களா?" என்றார். அந்தக் குரலில் ஏதோ ஏக்கம் மாதிரி இருந்தது, அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை என் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு நடுவர் வரவில்லை என்று அப்பாவே விசிலை எடுத்தார், நான் பந்தோடு ஓடியவளின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன், லேசாகத்தான், மைதானத்தில் வேறு யாருமே பார்க்கவில்லை, அவர் நேராக நடந்து வந்து என் மூக்குக்கு முன்னால் மஞ்சள் அட்டையை நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள், பெத்த பொண்ணுக்கா காட்டுவீங்க அதை? அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அவ ஆட வந்தா. ஆட வந்தவளுக்கு அட்டை உண்டு" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை நான்.

இங்கே எனக்கு அட்டை காட்ட ஒரு ஆள் இல்லை. செப்டம்பரில் ஒரு வருஷப் படிப்புக்கு வந்தேன், ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்ப விமானம், வந்த நாளிலிருந்து இந்தப் பனி ஊர் சஸ்கட்டூனில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை எது என்றால் பரவாயில்ல, பரவாயில்ல நயேலி, அதெல்லாம் பரவாயில்ல. மண்ணியல் வகுப்பில் க்ளென் கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொன்னேன், பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சுத்த உளறல், க்ளென் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இளகிய முகத்தோடு "நல்ல கோணம்" என்றார், பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது, அவரோ என்னை ஒரு தரம் கூடத் திட்டிப் பழகவில்லை. மறுநாள் இந்த ஊர்க்காரன் டைலர் அதில் பாதி அளவுக்கு உளறினான், அவனை நிற்கவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் காய்ச்சி எடுத்தார். எனக்கு டைலர் மேல் பொறாமை, நிஜமாகவே பொறாமை, திட்டு வாங்கியவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அந்த வகுப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நானும் ஜோலினும் இருக்கும் வீட்டில் வாசல் பனியை அள்ளிப் போடுவது ஆளுக்கொரு வாரம், என் வாரத்தில் நான் விடிய எழுந்து, இரண்டு சாக்ஸ் மாட்டி, கதவைத் திறந்தால், நடைபாதை பளிச்சென்று இருக்கும், ஜோலின் உள்ளே டீ குடித்துக்கொண்டு, "உனக்குப் பழக்கமில்லையேன்னு நானே அள்ளிட்டேன்" என்பாள். நவம்பரில் கல்லை விடப்போய்க் கல்லோடு நானும் குப்புற விழுந்து சறுக்கினேன், எதிரணி கேப்டன் ஓடிவந்து தூக்கிவிட்டு, "பரவாயில்ல, திரும்ப ஒரு தடவ போடு" என்றான், அந்தச் சலுகை இங்கே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. எல்லாரும் நல்லவர்கள், நன்றி கெட்டவள் இல்லை நான். ஆனால் எனக்கு ரோஷம் ஜாஸ்தி, அப்பாவின் ரத்தம், மன்னித்து மன்னித்தே என்னை விருந்தாளியாக வைத்திருக்கிறார்களே என்று எத்தனை நாள் பஸ் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டிருக்கிறேன், விருந்தாளி என்றால் என்ன, தப்பு செய்யக்கூட உரிமை இல்லாத ஆள்...

கல் தளர்கிறது. நின்றது. மஞ்சள், நடுவுக்குப் பக்கத்தில், சிவப்பைவிட ஒரு கையகலம் உள்ளே. ஜோலின் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், கார்சன் ஐஸில் முழங்காலால் சறுக்கி வருகிறான், வாயில் வார்த்தை இல்லை, வெறும் ஊளை, மூன்று வருஷத்து ஊளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள். இப்போது சொல்லாவிட்டால் சொல்லவே முடியாது, இன்னும் ஒரு மூச்சு தாண்டினால் அது உண்மை இல்லை, திருட்டு... சொன்னால் கார்சன்? சொல்லாவிட்டால் நான்? என் கை ஏற்கெனவே மேலே இருக்கிறது. நான் தூக்கினேனா, தானாகப் போனதா? "பட்டுடுச்சு," என்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை, "பட்டுடுச்சு! என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு!" ஜோலினின் கை என் கழுத்திலிருந்து இறங்குகிறது. கார்சன் முழங்காலிட்டபடியே என்னைப் பார்க்கிறான், முகத்தில் இருந்த விளக்கை யாரோ அணைத்த மாதிரி, ஆனால் ஏன்டி என்று கேட்கவில்லை, நிஜமாவா என்று கேட்கவில்லை, இங்கே அதை யாரும் கேட்பதில்லை. மார்னியைப் பார்க்கிறான். எல்லாரும் மார்னியைப் பார்க்கிறார்கள், வழக்கம் அதுதான், பட்டது என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அப்புறம் எதிரணி கேப்டன் வைத்ததுதான் சட்டம், கல்லை வெளியே தள்ளலாம், போனால் போகிறது, இருக்கட்டும் என்றும் விடலாம்.

மார்னி மெதுவாக வருகிறாள், கோதுமைப் பண்ணைக்காரி, நாலாம் வருஷம், அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அது வந்த வழியைப் பார்க்கிறாள். "எங்க பட்டுச்சு?" கோட்டைத் தாண்டி, இதோ இங்கே. "பலமாவா, லேசாவா?" எனக்குத் தெரியல, ஆனா பட்டுச்சு. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள், இந்தப் பார்வை எனக்குத் தெரியும், இதோ தலை சாயப்போகிறது, முகம் இளகப்போகிறது, பரவாயில்ல நயேலி என்று சொல்லப்போகிறாள், அவள் சொல்லிவிட்டால் நாங்கள் ஜெயித்தோம், கார்சனுக்குப் பன்றித் தொடை, எனக்கு முத்தம், கட்டிப்பிடிப்பு, ஊருக்குப் போட ஒரு ஃபோட்டோ. சொல்லிவிடு மார்னி, கார்சனுக்காக. சொல்லாதே மார்னி, தயவுசெய்து சொல்லிவிடாதே, ஒரே ஒரு தடவை... இரண்டையும் எப்படி ஒரே நெஞ்சால் வேண்ட முடிகிறது, என் அணி தோற்க வேண்டும் என்றா வேண்டுகிறேன், என்ன பெண் நான்? மார்னி எழுந்தாள். "பட்ட கல்லுதான். எடுத்துடலாம்," என்றாள், தலை சாயவில்லை, முகம் இளகவில்லை, வங்கியில் சில்லறை கொடுப்பவளைப் போல அவ்வளவு சாதாரணமாக, ஷூ முனையால் மஞ்சள் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள். சிவப்பு மட்டும் இருந்தது. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் கையை நீட்டி, "நல்லா ஆடினீங்க" என்றாள். அந்தக் கையைப் பிடித்தபோது எனக்கு அழுகை முட்டியது, தோற்றதற்கு இல்லை, கடவுளே, தோற்றதற்கு இல்லை, பெருமையில். அப்பா, இங்கே ஒருத்தி எனக்கு அட்டை காட்டினாள்.

மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு அணியும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் வாங்கித் தர வேண்டும். மார்னி எனக்கு பியர் வைத்தாள். நான் ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன், நேர்மையாச் சொன்னியே, கிரேட் என்று யாராவது முதுகில் தட்டுவார்கள் என்று காத்திருந்தேன், தட்டவில்லை, மார்னி கன்று போட்ட பசுக்களைப் பற்றிப் பேசுகிறாள், டெவ் உருளைக்கிழங்கு வறுவலை மென்றுகொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, பட்டதைப் பட்டது என்று சொன்னதற்கு இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை, பாராட்டு விருந்தாளிக்குத்தான். நெஞ்சு இன்னும் ஒரு சுற்று பருத்தது, பியர் கூட இனித்தது. வந்ததிலிருந்து கிளாஸை முறைத்துக்கொண்டே இருந்த கார்சன் திடீரென்று என் பக்கம் திரும்பினான். "நான் உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன், கல்லோட ஒட்டிக்கிட்டுப் பெருக்காதேன்னு?" ஜோலின், "விடுடா, பாவம் அவ" என்றாள். "ஏன் விடணும்? நீ பண்ணியிருந்தா விட்டிருப்பேனா? என் தொடை போச்சுடி!" மேஜையே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை, காது நுனி வரைக்கும் சிவந்திருந்தான், நிஜமான கோபம், டைலருக்குக் கிடைத்த அதே கோபம், முழுசாக, தள்ளுபடி இல்லாமல், எனக்கு. நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன், சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

அவன் உப்புக் குப்பியை எடுத்து நடுவில் வைத்தான், இதுதான் கல், வறுவல் ஒன்றை எடுத்து அதற்கு முன்னால் பிடித்தான், இது உன் துடைப்பம், உன் கால் இங்க இருக்கணும், இங்க இல்ல, இங்க, புரியுதா, உன் தோள் உள்ளே சாயுது, அதான் வினை... நானும் ஒரு வறுவலை எடுத்து அவன் காட்டியபடி பிடித்தேன். இப்படியா? "இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங், அப்படித்தான்." கோபம் பாதி இறங்கிவிட்டது, அவன் கண்ணில் அடுத்த ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது தெரிந்தது. "அக்டோபர்ல ஐஸ் போட்டதும் முதல் வாரமே இதைச் சரி பண்ணிடறோம். அடுத்த சீசன் உன்னை ரெண்டாவதா கல் விட வைக்கப்போறேன், டெவ் முதல்ல விடட்டும். சரியா?" ஜோலின் கிளாஸை வாயருகில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அவளுக்குத் தெரியும், நான் ஊருக்குக் கட்டிவைத்த பெட்டிகள் இரண்டும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கின்றன. அவன் மறந்துவிட்டான், நான் திரும்பிப் போகிறவள் என்பதையே மறந்துவிட்டான், இந்த எட்டு மாதத்தில் யாரும் எனக்குக் கொடுக்காததை உப்புக் குப்பிக்கும் வறுவலுக்கும் நடுவில் தெரியாமல் கொடுத்துவிட்டான்... இப்போதே சொல்லிவிட வேண்டும், கார்சன், ஏப்ரல் கடைசியில் எனக்கு விமானம் என்று, ஒரே ஒரு வாக்கியம், கல்லில் பட்டதைச் சொன்ன அதே வாய்தானே இது. கையைத் தூக்கு நயேலி. கை மேஜை மேலேயே இருந்தது, வறுவலைப் பிடித்தபடி. "சரி," என்றேன்.