விழா மலருக்கு ஓர் ஏழைச் சிறுமி தேவை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா.

அக்கா ஓர் அறக்கட்டளை நடத்துகிறாள். வருடத்துக்கொரு ஜாஸ் விழா. அதில் சேர்வதை வைத்து வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இலவச இசை வகுப்பு. சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் என்று வாத்தியங்களையும் அவளே கொடுத்துவிடுவாள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடிக்கக்கூடிய நல்ல காரியங்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. (அக்கா இந்த வரியை அடிப்பாள். அடிக்கட்டும்.)

"விழா மலருக்கு ஒரு கதை வேணும்டி," என்றாள். "ஒரு ஏழைப் பொண்ணு. கையில ஒரு டிரம்பெட். அதோட அவ வாழ்க்கையே மாறிடுது. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

"யாரு அந்தப் பொண்ணு?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும். எழுத்தாளர் நீயா, நானா?"

எங்கள் வீட்டில் யாராவது என்னை எழுத்தாளர் என்று சொன்னால், ஓசியில் ஏதோ வேலை வருகிறது என்று பொருள்.

2

முதல் தொடக்கம்: 'இருள் சூழ்ந்த அந்தக் குடிசையில் ஒரு டிரம்பெட் மட்டும் தகதகவென்று—'

இருட்டில் எது, எப்படித் தகதகக்கும்? விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'அவளுக்கு இசைதான் சோறு, இசைதான்—'

பசித்த பிள்ளைக்குச் சோறுதான் சோறு. இதையும் விட்டேன்.

மூன்றாவதை உங்களுக்குக் காட்டப் போவதில்லை. அதில் ஒரு குயில் வருகிறது.

கற்பனை கைகொடுக்காததால் கால்களை நம்பினேன். ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பு நேரத்தில் நேரிலேயே போனேன். ஒரு பொது அரங்கத்தின் மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் வகுப்பு. கதவைத் திறந்தால் உள்ளே பிள்ளைகள் இல்லை, நாற்காலிகள். விழாவுக்கு வந்திறங்கிய மடக்கு நாற்காலிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் 'இளம் விரல்களுக்கு இசை' என்று அச்சடித்த பதாகைகள் சுருண்டு கிடந்தன. இளம் விரல்கள் வெளியே நடைபாதையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. மாஸ்டர், அதாவது அவர்களுக்குச் சாக்ஸபோன் முதல் எல்லாம் சொல்லித்தருபவர், ஒலிபெருக்கிக் கடைக்காரரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடாமலே கையால் கும்பிட்டார்.

3

"கதை எழுத வந்த ஆன்ட்டி நீங்கதானா?"

ஆன்ட்டியை மன்னித்துத் திரும்பினேன். பதினைந்து வயதிருக்கும். முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய பித்தளை வாய். அதன் ஓரமாக ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"உன்னை எப்படிம்மா கூப்பிடறது?"

"அண்டா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. இது பேரு டூபா."*

"இதை ஏன் எடுத்துக்கிட்டே?"

"நான் சேர்றப்போ இதுதான் மிச்சம் இருந்துச்சு. முதல்ல அழுதேன். அப்புறம் ஒரு நாள் பாட்டுக்கு நடுவுல எனக்கு இருமல் வந்து நிறுத்திட்டேன். மத்தவங்க வாசிச்சுட்டேதான் இருந்தாங்க. ஆனா பாட்டு அப்படியே அந்தரத்துல தொங்குச்சு ஆன்ட்டி. அப்பத்தான் தெரிஞ்சுது, எல்லாரும் என் மேலதான் நிக்கறாங்கன்னு."

குயிலைக் கொன்றது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அக்கா கேட்டதை மறக்க முடியாதே. "வீட்டுல ரொம்பக் கஷ்டமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எதுக்குக் கஷ்டம்? அப்பா வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வச்சிருக்கார். அம்மா பல் டாக்டர் கிளினிக்ல வேலை பார்க்கறாங்க. ஏழைன்னு எழுதிடாதீங்க. அப்பா படிச்சார்னா, நாளைக்கு உங்க வீட்டு மெஷினைத் தொடக்கூட மாட்டார்."

"அப்போ எதைத்தான் எழுதறது?"

"கிளாஸ் நடக்கலைன்னு எழுதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். விழா நெருங்கினால் மாஸ்டர் மேடை வேலைக்குப் போய்விடுவார். அறை நாற்காலிக்குப் போய்விடும். பிள்ளைகள் நன்கொடையாளர்கள் முன்னால் வாசிக்க வேண்டிய அதே நன்றிப் பாட்டை நடைபாதையில் நின்று திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். விழா முடிந்ததும் கணக்கு வழக்கு, பிறகு விடுமுறை, பிறகு அடுத்த விழாவுக்கான கூட்டம்.

"எழுதி வச்சதைப் பார்க்காம, அந்த நிமிஷம் மனசுல தோணறதை வாசிக்கக் கத்துத் தரேன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். ஜாஸ்னா அதானே ஆன்ட்டி? இன்னும் அதை ஆரம்பிக்கவே இல்ல."

* டூபா: மடியில் கட்டிப் பிடித்து ஊதும் பித்தளைப் பெருங்குழல். குழுவிலேயே அடிமட்டக் குரல் அதனுடையதுதான். விருந்துக்குச் சமைக்கும் அண்டாவைப் பக்கவாட்டில் சாய்த்தது போலிருக்கும். அடிக்குறிப்பு முடிந்தது, மேலே போங்கள்.

4

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"டூபாவா? வேண்டாம்டி. படத்துல பொண்ணு மூஞ்சியே தெரியாது. டிரம்பெட்னு மாத்திடு."

"அவ ஏழையும் இல்லக்கா."

"கொஞ்சமா ஏழையாக்கேன். கதைதானே?"

"வகுப்பே நடக்கலைன்னு சொல்றா."

மறுமுனையில் அக்கா வெடித்தாள். "விழா இல்லாம வகுப்பு எங்கேர்ந்துடி வரும்? வானத்துலேர்ந்து குதிக்குமா? நான் ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நிக்கறது அவளுக்குத் தெரியுமா? உனக்குத்தான் தெரியுமா?"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். தொலைபேசியை வைத்தபின் கோபம் கோபமாக ஒரு பத்தி எழுதினேன். 'பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தனக்கொரு மேடை கட்டிக்கொண்ட பெண்மணி ஒருத்தி—'

இந்த வாக்கியத்தை ஏன் பாதியில் விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. அக்காவை வில்லியாக்குவது எளிது. கதையும் நேர்கோட்டில் ஓடும். ஆனால் அந்த டூபாவின் ஒரு பொத்தான் இறுகிப்போனபோது, அதைத் தன் காரின் முன்இருக்கையில் உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, பழுது பார்ப்பவரிடம் குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனவளும் இவள்தான். சிக்னலில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அதைச் சொல்லி அவளும் சிரித்தாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒரு வில்லியை எப்படி எழுதுவது? எரிச்சலாக இருக்கிறது. மனிதர்கள் கொஞ்சம் ஒத்துழைத்தால் என்ன?

5

விழா சனிக்கிழமை மதியம் தொடங்கியது. நிகழ்ச்சி நிரலில் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் என்று இருந்தது. காலையில் அது ஒரு பாட்டு ஆனது. சாப்பாட்டு வேளையில், 'கூட்டம் வந்து உட்காரும்வரை பின்னணியில் ஒரு பாட்டு' ஆனது. காரணம், விழாவின் பெரிய புரவலரான மெத்தைக் கம்பெனி முதலாளி. அவர் பேச்சு நீண்டுவிட்டதாம், எழுதி எடுத்து வந்துவிட்டாராம். திரை விலகும் நேரத்தில் அக்கா என்னை ஓரமாக இழுத்தாள்.

"பிள்ளைங்க இன்னிக்கு வாசிக்க முடியாது. நீ போய்ப் பக்குவமா சொல்லிடு."

"நானா?"

"உனக்குத்தானே வார்த்தை வரும்!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பின்னறைக்குப் போனேன். ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். "அதாவது, விழான்னா பல விஷயம் இருக்கும், எதிர்பாராத விதமா…"

"நாங்க இல்லை, அவ்வளவுதானே?" என்றாள் அண்டா.

ஒரு டிரம்பெட் பையன் அழத் தொடங்கினான். அண்டா அவனைப் பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகள் எல்லாம் அரங்குக்குப் போய்விட்டிருந்தன. அறை காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

"இன்னிக்குச் சனிக்கிழமை. இது நம்ம கிளாஸ் நேரம்," என்றாள். "ஆன்ட்டி, மாஸ்டரை வரச் சொல்றீங்களா?"

மாஸ்டர் அரங்கின் பக்கவாட்டில் ஒலிக் கருவிக்கு முன் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன். அவர் மேடையைப் பார்த்தார். மேடையில் அக்கா புரவலரை வரவேற்றுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

"எதையும் தொடாதீங்க. விசில் சத்தம் வந்தா இதை மட்டும் கீழே இறக்குங்க," என்று ஒரு குமிழைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

6

இங்கே நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விழாவில் வாசிக்க வந்திருந்த வெளியூர்க் குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அண்டா டூபாவோடு மேடையேறுவாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். மெத்தைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இதை எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் வெளியூர்க் குழுவில் எல்லாரும் கல்லுக்குண்டு போல இருந்தார்கள். அவர்களிடம் டூபாவுக்கு வேலையும் இல்லை.

இன்னொரு முடிவும் இருக்கிறது. பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அறக்கட்டளை மானம் கப்பலேறும். அதுவும் நடக்கவில்லை. அவர்கள் எங்கும் போகவில்லை. யாரையும் எதிர்க்கவும் இல்லை. வகுப்புக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இது. மெத்தைக்காரர், "நாங்கள் விற்பது மெத்தையல்ல, கனவு," என்று சொல்லி நிறுத்தியபோது, மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு நீண்ட, தாழ்ந்த ஒலி வந்தது. டூபா. அது தரை வழியாக வந்து நாற்காலிக் கால்களில் ஏறியது. அதன்மேல் ஒரு டிரம்பெட் தயங்கித் தயங்கி ஏதோ சொல்லிப் பார்த்தது. தப்பு. நின்றது. மாஸ்டரின் குரல்: "தப்பா இருந்தா என்ன? அதுலேர்ந்து எங்கே போகலாம்னு பாரு." டிரம்பெட் மறுபடி முயன்றது. இந்த முறை எங்கோ போனது.

"என்ன சத்தம் அது?" என்றார் மெத்தைக்காரர் மைக்கிலேயே.

முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பின்னறையை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள். நான் ஹெட்ஃபோனோடு எழுந்தேன். ஒயர் இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே மாறவில்லை. பிறகு பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. டூபா சட்டென்று தொலைவாகிப் போனது, ஆனால் ஓயவில்லை. மெத்தைக்காரர் விட்ட கனவைத் தொடர்ந்தார்.

7

வெளியூர்க் குழு பிரமாதமாக வாசித்தது. விழாவுக்கு நல்ல பெயர். நன்றியுரை சொல்ல வேண்டிய நேரத்துக்கு அக்கா சரியாக மேடைக்கு வந்து நின்றாள், குறையொன்றும் சொல்ல முடியாதபடி. விழா மலரில் என் கதை இல்லை. அந்தப் பக்கத்தில் மெத்தை விளம்பரம் வந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு நடந்ததா என்று கேட்டால், நடந்தது. அடுத்த விழா நெருங்கும்போது நடக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கதவைச் சாத்தியது அக்காதான். அவள் எந்தப் பக்கம் நின்று சாத்தினாள்? வெளியே நின்று சாத்தியிருந்தால், அது விழாவைக் காப்பாற்றிய ஒரு நிர்வாகியின் கதை. உள்ளே போய்ச் சாத்தியிருந்தால், வேறு கதை. சத்தம் வெளியே போகாதிருக்க இரண்டும் ஒன்றுதான். எழுதுகிற எனக்கு இரண்டும் வேறு வேறு.

அக்காவைக் கேட்டேன். "ஃபோன் வந்துச்சு, பேசிட்டிருந்தேன்," என்றாள். அவள் தொலைபேசி அன்று முழுக்க என் கைப்பையில் இருந்தது. அதைச் சொன்னதும், "இதை எழுதினே, உன்னைக் கொன்னுடுவேன்," என்று போய்விட்டாள்.

மாஸ்டர் சிரித்தார், அவ்வளவுதான்.

கடைசியாக அண்டாவிடம் போனேன். நடைபாதையில் உட்கார்ந்து டூபாவின் வாய்ப்பகுதியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். "கதையை முடிக்கணும்மா," என்றேன், கெஞ்சாத குறையாக. "அன்னிக்கு மேடம் உள்ளே வந்தாங்களா, இல்லையா? வந்தா என்ன செஞ்சாங்க?"

அவள் வாய்ப்பகுதியைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாக என்னை ஒரு கண்ணால் பார்த்தாள்.

"அது கிளாஸ்ல நடந்தது ஆன்ட்டி. கிளாசுக்கு வந்தவங்களுக்குத்தான் சொல்வோம்."

ஆகவே, வாசகரே, எழுதுகிறவளுக்குக் கிடைக்காத முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பின்னறைக் கதவின் கைப்பிடி அக்காவின் கையில் இருக்கிறது. உள்ளே ஒரு பையன் தப்பாகத் தொடங்கி எங்கோ போய்க்கொண்டிருக்கிறான். நீங்களே சாத்திக்கொள்ளுங்கள்.